புதுக்குடி வரும் மீன்கள்

கடல் நமக்குத் தொலைவில் இல்லை. பாறசாலையில் பேருந்தேறினால் ஒரு மணி நேரத்துக்குள் பொழியூர்க் கடற்கரையை அடைந்துவிடலாம். நெய்யாற்றின்கரையிலிருந்து பூவாற்றுக்கும் அவ்வளவே. ஆயினும், பகலெல்லாம் அலுவலும் இரவெல்லாம் களைப்புமாக வாழும் குடும்பத்தார்க்கு மாதம் ஒரு முறை கடலைக் காண்பதும் அரிதாகிவிடுகிறது. ஆதலின், கடலின் ஒரு சிறு பகுதியைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொணர்ந்து கூடத்தில் வைத்துக்கொள்ளும் ஆசை நம் இல்லங்கள் சிலவற்றில் தலைகாட்டியிருக்கிறது. சங்கத்து அன்பர் சிலர் எம்மைக் கண்டு, "தொட்டி வாங்கியாயிற்று, உப்புநீரும் நிறைத்தாயிற்று. இனி என்னென்ன மீன்களைச் சேர்த்து விடலாம்?" என்று வினவினர். அவ்வினாவுக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

யாம் மீனியல் கற்ற அறிஞர் அல்லோம். இரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தர். படிப்போ பத்தாம் வகுப்பு. ஆனால் ஒரு பிழையைச் செய்து, அதற்குரிய விலையையும் கொடுத்து, பின்னர்ப் படித்தும் கேட்டும் தெளிவு பெற்றோம். அப்பிழை வேறோர் இல்லத்தில் நிகழாதிருப்பின் அதுவே எமக்குப் போதும்.

நம் கரையும் கடல் மீனும்

கடல்வாழ் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கம் 1853-ஆம் ஆண்டு இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் தொடங்கியது. நம் தமிழகமும் இதில் பின்தங்கிவிடவில்லை. 1909-ஆம் ஆண்டிலேயே சென்னை மெரினா கடற்கரையில் ஒரு மீன்காட்சிச் சாலை திறக்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டுவிட்டது. 1947-இல் நிறுவப்பெற்ற மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முன்னர் இராமநாதபுரத்துக் கரையிலுள்ள மண்டபம் முகாமில் தலைமையிடம் கொண்டிருந்தது. 1971-இல் அத்தலைமையிடம் கொச்சிக்கு மாறியது. அந்நிறுவனத்தின் ஆய்வு நிலையம் ஒன்று நமக்கு மிக அண்மையிலேயே, விழிஞத்தில் உள்ளது. பாறைகள் சூழ்ந்த விழிஞக் குடாவில் வண்ண மீன் வகைகள் பல வாழ்கின்றன. கோமாளி மீன் போன்ற வண்ண மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறைகளை அந்நிறுவனத்தார் விழிஞத்திலும் மண்டபத்திலும் ஆய்ந்து வகுத்தனர். இச்செய்தியின் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து எமக்கு மாற்றல் வந்து, எல்லைக்கு இப்புறம் குடியேறிய ஆண்டு அது. எம் மகள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். வகுப்பில் மற்றெல்லாரும் மலையாளத்தில் பேச, இவள் ஒருத்தி மட்டும் வாய்மூடி அமர்ந்திருப்பாள். மாலையில் வீடு திரும்பியதும் புத்தகப் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் மனம் மகிழ ஏதேனும் செய்யவேண்டும் என்று எம் துணைவியார் கூறினார். கோமாளி மீனைக் கதைத்தலைவனாகக் கொண்டு 2003-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' என்னும் படத்தைத் தொலைக்காட்சியில் கண்டதுமுதல் அம்மீனின்மேல் அவளுக்குத் தனி விருப்பம். எனவே இருநூறு லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று வாங்கினோம்.

"முதலில் விலை குறைந்த, வலிவுள்ள மீனை விட்டுத் தொட்டியைப் பழக்குங்கள்" என்று கடைக்காரர் கூறினார். அவ்வாறே டாம்சல் என்னும் சிறு நீல மீன் ஒன்றை விட்டோம். விரல் நீளமே உள்ள அது நன்கு உண்டு, கற்களின் இடுக்கில் இடம் பிடித்து, மூன்று மாதம் தனியே ஆட்சி புரிந்தது. தசராவுக்கு முன் இரயில்வே போனஸ் கிடைத்ததும் கோமாளி மீன் இரண்டை வாங்கிவந்து விட்டோம். "ஒண்ணும் செய்யாது, சாரே, எல்லாம் சேர்ந்துக்கும்" என்றார் அதே கடைக்காரர். அவர்மேல் மட்டும் பழி கூறுதல் முறையன்று. தொட்டியில் முன்பே என்ன மீன் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை, யாமும் சொல்லவில்லை.

முதல் நாளே நீல மீன் புதிய மீன்களைத் துரத்தத் தொடங்கியது. இரண்டாம் நாள் ஒன்றின் வால் கிழிந்தது. நான்காம் நாள் காலை அது தொட்டியின் அடியில் கிடந்தது. மற்றொன்று வடிகட்டியின் பின்னே ஒளிந்துகொண்டு உணவுக்கும் வெளிவரவில்லை. அதன் உடலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. ஒன்பதாம் நாள் அதுவும் இறந்தது. அதற்குள் அந்நோய் நீல மீனையும் பற்றிவிட்டது. செலவான பணம் ஒரு மாதத்து மளிகைக்கு நிகர். ஆனால் பணத்தைவிட வருத்திய செய்தி ஒன்று உண்டு. இறந்த மீனைக் கையிலேந்தி நின்ற எம் மகள், "புதுசா வந்ததுன்னுதானே அப்பா அது கடிச்சது?" என்று கேட்டாள். அவள் மீனைப்பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது எமக்கு விளங்கிற்று. ஏது விடை கூறுவது என்றுதான் விளங்கவில்லை.

பகைமைக்குக் காரணம் யாது?

நன்னீர்த் தொட்டியில் கப்பி, மோலி முதலிய மீன்களை வளர்த்துப் பழகியவர்கள் கடல் மீனையும் அவ்வாறே எண்ணிவிடுகின்றனர். இஃது பெரும் பிழை. பவளப் பாறைகளிடையே வாழும் மீன்களுட் பல, தமக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதனைக் காப்பவை. டாம்சல் இனத்துள் சில, தம் பாறையில் வளரும் பாசியைப் பயிரைப்போல் காத்து உண்ணும். அப்பாறை அவற்றுக்கு வீடு, வயல், குஞ்சுகளின் தொட்டில் அனைத்துமாம். அயலான் வந்தால் துரத்துதல் அவற்றின் கொடுமையன்று, பிழைக்கும் வழியே.

கடலில் துரத்தப்பட்ட மீன் பத்து முழம் நீந்தினால் தப்பிவிடும். நான்கடித் தொட்டியிலோ, எத்திசையில் சென்றாலும் கண்ணாடியே எதிர்ப்படும். ஆகவே தப்ப வழியின்றி இடைவிடாது துரத்துண்டு, உணவு மறந்து, வலிவு குன்றி நோய்வாய்ப்படுகிறது. கடித்த புண்ணால் இறப்பனவற்றைக் காட்டிலும் இவ்வச்சத்தால் இறப்பனவே மிகுதி. ஆதலின், "எந்த மீன் அழகியது?" என்பது முதல் வினாவாகாது. "என் தொட்டியில் இப்போது குடியிருப்பது யார்? அதன் இயல்பு என்ன?" என்பதே முதல் வினா.

தேர்ந்தெடுக்கும்போது ஆராய வேண்டுவன

ஒன்று, வாயின் அளவு. ஒரு மீனின் வாய்க்குள் அடங்கக்கூடிய எதுவும் அதற்கு இரையே. களவா மீனின் சிறு குஞ்சு அழகாயிருக்கிறது என்று வாங்குவோர், அது வளர்ந்து தன் தோழரை ஒவ்வோர் இரவாக விழுங்குவதைக் காண்பர். அஞ்சாலையும் அத்தகையதே.

இரண்டு, வளரும் அளவு. கடையில் ஈரங்குலம் இருக்கும் மீன் எவ்வளவு வளரும் என்று கேட்டறிக. மேற்கூறிய படத்தில் கோமாளி மீனுக்குத் தோழியாக வரும் நீல மீன் முப்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. ஓயாது நீந்தும் இயல்பினது. இருநூறு லிட்டர்த் தொட்டி அதற்குச் சிறையாகும்.

மூன்று, ஒத்த உருவம். ஒரே இனம், ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே உணவு ஆகியவை பகையை மூட்டும். தன்னைப்போல் தோன்றுவதையே மீன் தன் போட்டியாளனாகக் கருதும். நீலமும் மஞ்சளுமாக இரு டாம்சல்களை ஒரு சிறு தொட்டியில் விடுவதினும், ஒரு டாம்சலையும் அடித்தரையில் வாழும் உளுவை இனத்துச் சிறு மீனையும் விடுதல் நன்று. ஒன்று நடு நீரிலும் மற்றொன்று மணலிலும் வாழுமாதலின் அவற்றுக்குள் வழக்கு நேர்வது குறைவு.

நான்கு, உண்ணும் விரைவு. கடற்குதிரை மெல்ல மெல்ல உண்ணும். விரைந்து உண்ணும் மீன்களோடு அது பட்டினி கிடந்து சாகும். வண்ணத்துப்பூச்சி மீன்களுட் பல, பவள உயிர்களையன்றி வேறொன்றும் உண்ணா. அவற்றின் அழகில் மயங்கி வாங்குதல் அவற்றின் சாவை வாங்குதலேயாம்.

ஐந்து, நஞ்சும் பல்லும். இதனை எமக்குக் கற்பித்தவர் பொழியூரில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர். "தம்பி, கிளாத்தி கடிக்கும், ஓரா குத்தும், பேத்தைக்கிட்டயே போகாதே" என்று ஒரே மூச்சில் கூறினார். கிளாத்தியின் பல் நத்தையோட்டையும் நொறுக்கும். ஓராவின் முதுகு முள்ளில் நஞ்சு உண்டு. பேத்தைக்கு உடலிலேயே நஞ்சு. வாயோ அலகு போன்றது, பிற மீனின் துடுப்பைக் கடித்தெடுக்கும். பெட்டி போன்ற உடலையுடைய கடமாடு அஞ்சினால் நீரில் நஞ்சைக் கலந்து, தொட்டியிலுள்ள மற்ற மீன்களையும் கொன்றுவிடக்கூடும்.

ஆறு, இணை சேரும் முறை. கோமாளி மீன்கள் யாவும் ஆணாகவே முதிர்கின்றன. கூட்டத்துள் பெரியது பெண்ணாக மாறும். அதற்கடுத்தது அதன் துணையாகும். பெண் இறந்தால் அத்துணையே பெண்ணாகும். ஆகவே கோமாளி மீன் வாங்குவோர் இளமையான இரண்டனை, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, ஒரே வேளையில் வாங்குதல் வேண்டும். ஒரே பருமனுள்ள முதிர்ந்த இரண்டு தம்முள் போரிடும். நன்கு பேணினால் இவை பத்தாண்டுக்கு மேலும் வாழும். கடல் சாமந்தி இல்லாமலும் தொட்டியில் இவை நலமாயிருக்கும். அவ்வுயிரைக் காப்பது நம்மைப் போன்றோர்க்கு எளிதன்று.

ஏழு, குடியேற்றும் வரிசை. சாதுவானவை முதலிலும் முரடானவை இறுதியிலும் வரவேண்டும். இருநூறு லிட்டர்த் தொட்டிக்கு உளுவை ஒன்று, பின்னர்க் கோமாளி இணை ஒன்று, விரும்பினால் எல்லாவற்றுக்கும் கடைசியாக டாம்சல் ஒன்று என்பதே போதும். யாம் இவ்வரிசையைத் தலைகீழாக்கினோம், பலனும் தலைகீழாயிற்று.

எங்கிருந்து பெறுவது?

கடலில் பிடித்த மீனினும் பண்ணையில் பொரித்து வளர்த்த மீனே நமக்கு ஏற்றது. அது தொட்டி வாழ்வுக்கும் கைத்தீனிக்கும் பழகியது. அதனை வாங்குவதால் கடலில் ஒரு மீனும் குறைவதில்லை. மேலே கூறிய ஆய்வுகளின் பயன் இதுவே. வெளிநாடுகள் சிலவற்றில் சயனைடு நஞ்சை நீரில் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கம் இருந்துவருகிறது. அவ்வாறு பிடித்தவை கடையில் நலமாகத் தோன்றினும் சில வாரங்களில் மாள்வதுண்டு. எனவே, "இது பண்ணையில் பிறந்ததா?" என்று கேட்பதும், நம் கண்முன்னே தீனி உண்ணச் செய்து பார்ப்பதும் வாங்குவோரின் கடமை.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. கடற்குதிரைகள், பவளங்கள், கடல் விசிறிகள் ஆகியவை 2001-ஆம் ஆண்டுமுதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் காக்கப்படுகின்றன. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் சூழ்ந்த மன்னார் வளைகுடாப் பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. அழகு கருதி அங்கிருந்து ஒரு பவளத் துண்டை எடுத்துவருவதும் குற்றமே.

வரவேற்கும் முறை

தொட்டியில் நீர் நிறைத்த அன்றே மீனை விடலாகாது. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் கடலின் இயல்பு. கடல்நீரையே கொணர்வோர் பொழிமுகத்துக்கு அருகில் எடுத்தலாகாது. நெய்யாறு கலக்கும் பூவாற்று முகத்தில் உப்பு குன்றியிருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நீர் கலங்கியுமிருக்கும். வெயிலில் தொட்டி நீர் குறைந்தால் நன்னீரையே ஊற்றுக. ஆவியாவது நீரேயன்றி உப்பன்று.

வாங்கிய மீனை நேரே தொட்டியில் விடாமல், முதலில் வேறொரு சிறு தொட்டியில் ஒரு மாதம் தனித்து வைத்தல் இன்றியமையாதது. எம் மீனைக் கொன்ற வெண்புள்ளி நோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. அது மீனின் உடலில் சில நாள் வளர்ந்து, கீழே விழுந்து கூடு கட்டி, அக்கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாய் வெளிப்பட்டு மீண்டும் மீனைப் பற்றும். ஆகவே புள்ளி மறைந்ததென்று மகிழ்தல் பேதைமை. செம்பு கலந்த மருந்து அதனைப் போக்கும். ஆனால் அதனைத் தனித் தொட்டியில் மட்டுமே இடுதல் வேண்டும். பெருந்தொட்டியில் இட்டால் இறாலும் நத்தையும் மாளும். நோய் கண்ட பெருந்தொட்டியை எட்டு வாரமேனும் மீனின்றி வெறுமையாக விட்டால் அந்நுண்ணுயிர் பற்றுவதற்கு உடலின்றி அழியும்.

தனிவாசம் முடிந்து குடியேற்றும் நாளில் விளக்கை அணைத்துவிடுக. மீனுள்ள பையைத் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கிச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரை அதில் சேர்த்து, பின்னர் மீனை மட்டும் எடுத்து விடுக; பையின் நீரை ஊற்றாதீர். அதற்குமுன் தொட்டியிலுள்ள கற்களை இடம் மாற்றி அடுக்குதல் மிக நல்ல உபாயம். பழைய மீன் தன் எல்லை எதுவென்றறியாது திகைக்கும்; அத்திகைப்பில் புதியது தனக்கோர் இடம் தேடிக்கொள்ளும். முரடு உள்ள தொட்டியாயின், துளையிட்ட பிளாஸ்டிக்குப் பெட்டிக்குள் புதிய மீனை வைத்து, நான்கைந்து நாள் ஒன்றையொன்று பார்க்கச் செய்து, பிறகு திறந்துவிடுக.

மறுமுறை

யாம் இவற்றையெல்லாம் கற்றபின் மீண்டும் முயன்றோம். நீல மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்திட்டோம், அது பிழைத்தது. பெருந்தொட்டியை எட்டு வாரம் மீனின்றி விட்டுவைத்தோம். எம் மகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் தேதியும் நீரின் வெப்பமும் எழுதிவந்தாள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தி அதனைப் பார்க்க வரத் தொடங்கினாள். இருவரும் தொட்டியின் முன் அமர்ந்து, ஒருத்தி தமிழிலும் ஒருத்தி மலையாளத்திலுமாகப் பேசிக்கொள்வர். பொருள் இருவருக்கும் விளங்கியது.

பண்ணையில் பிறந்த கோமாளி இணை ஒன்றை வாங்கி, ஒரு மாதம் தனியே வைத்துப் பார்த்து, நோயில்லை எனக் கண்டபின் பெருந்தொட்டியில் விட்டோம். அவை இரண்டு வாரத்தில் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டன. அதன்பின்னரே கற்களை மாற்றி அடுக்கி, நீல மீனைத் துளையுள்ள பெட்டியில் இறக்கினோம். ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்தபோது அது வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கோமாளி மீன்களைக் கண்டு தயங்கி, எதிர்மூலைக் கல்லின் அடியில் சென்று நின்றது. முன்பு தொட்டி முழுதும் தனதென்று இருந்த மீன் அது. எம் மகள் கண்ணாடியில் முகம் பதித்து நெடுநேரம் பார்த்திருந்து, "இப்ப அதுதான் புதுசு, அப்பா. பயப்படுது, விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் போடாதீங்க" என்றாள்.

சின்னஞ்சிறு உரசல்கள் இன்றும் உண்டு. ஆனால் துடுப்புக் கிழியவில்லை. மூன்றும் நன்கு உண்கின்றன. அன்பர்களே, மீன் வாங்கப் புறப்படுமுன் ஒரு நாள் மாலை உங்கள் தொட்டியின் முன் அமைதியாக அமர்ந்து, அங்கே முன்பே குடியிருப்பது எது, எவ்விடத்தில் உறங்குகிறது, எதனைக் கண்டு சீறுகிறது என்று நோக்குங்கள். பழைய மீனை நன்கறிந்தவரே புதிய மீனுக்கு நல்லிடம் அளிக்க வல்லவர்.